மகான்கள் படியில் நின்ற சீமாட்டி

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய சீமாட்டி அக்காவுக்கு,

அன்று என் வீட்டு ஹாலில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த என் மகள் மீனா. ஃப்ரீமான்ட்டிலிருந்து தானே காரோட்டிக்கொண்டு வந்த விசாலம் மாமி. இரண்டு தெரு தள்ளியிருக்கும் புஷ்பா. சமையலறை வாசலில் சுண்டல் கிண்ணத்தோடு கல்யாணி, அவள் இடுப்பில் மூன்று வயதுச் சித்ரா. பிறகு நீங்கள், மேலிருந்து மூன்றாம் படியில். வேறு யாரும் இல்லை. ஏன் இப்படி ஆள் எண்ணுகிறேன் என்றால், அன்றைக்கு நடந்ததைப் பற்றி சான் ஹோசேயிலிருந்து லிவர்மோர் வரைக்கும் நாலு விதமாகப் பேசுகிறார்கள். சில பேச்சில், என் வீட்டு வாசலையே மிதிக்காதவர்கள்கூட உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் பேர் எனக்குத் தெரியும். பொம்மையின் அடியில் பொன் எழுத்தில் இருக்கிறது. ஆனால் மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் இருநூறு, முன்னூறு வருஷம் மூத்தவர். அதனால் அக்கா.

எங்கள் கொலுவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. புரட்டாசி அமாவாசை கழிந்ததும் வீட்டில் படி கட்டி, பொம்மை வைத்து, ஒன்பது நாளும் சாயங்காலம் வருகிறவர்களுக்குச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுப்போம். மேல் படிகளில் தெய்வங்கள். அதற்குக் கீழே மகான்கள். அதற்கும் கீழே நம்மைப் போன்ற மனிதர்கள், கடை கண்ணி, ஆடு மாடு. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் அது பெரிய விஷயமில்லை. சான்டா கிளாராவில் களிமண் பொம்மைக்கு எங்கே போவது? அதனால் சனிக்கிழமைகளில், வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் வைத்து விற்கும் கராஜ் சேல் பார்ப்பேன்.

அங்கேதான் நீங்கள் கிடைத்தீர்கள், ஒரு ப்ளெண்டருக்கும் பழைய ரோலர் ஸ்கேட்டுக்கும் நடுவில். வெள்ளைப் பீங்கான். வெள்ளை உடை, கொஞ்சம் குனிந்த தலை, கையில் சின்னப் புத்தகம். யாரோ கன்னிகாஸ்திரி, பெரிய புண்ணியவதி என்று எனக்குப் பட்டது. வீட்டுக் கணக்கு எழுதும்போது 'அம்மா பொம்மை' என்றுதான் எழுதினேன். ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, மகான்கள் படியில் ஒரு நாயன்மாருக்கும் ஒரு சாமியாருக்கும் நடுவில் நிறுத்தினேன். பொட்டு உங்களுக்கு நன்றாகவே இருந்தது.

நாலாம் நாள் விசாலம் மாமி வந்தார். மாமி ஹிஸ்டரி எம்.ஏ.; டாக்டர் வீட்டு அம்மா. கொலுவுக்கு முன்னால் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாரு இது, புதுசா?" என்று கேட்டார். மீனா உங்கள் பேரைச் சொன்னாள்.

மாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயையோ, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே! இவ யாருன்னு தெரியுமோ? இங்கிலாந்து ராஜாவோட கீப்!"

"ரியலி? வாவ்!" என்றாள் மீனா.

புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போயும் போயும் அந்தச் சாமியார் பக்கத்துல நிக்க வச்சிருக்கீங்களே அக்கா. பாவம், அவரே எல்லாத்தையும் துறந்துட்டு வந்தவரு."

"சிரிக்காதேடி. கட்டின புருஷன் இருக்கான், பத்து வயசுப் பிள்ளை இருக்கான். ரெண்டு பேரையும் விட்டுட்டு இளவரசனோட போனவ இவ. எடு, முதல்ல எடு. புருஷனை விட்டுட்டு வந்தவளைக் கொண்டுபோய் மகான்களோட..."

அங்கே நிறுத்திவிட்டார். சுண்டல் கிண்ணத்தோடு நிற்கும் கல்யாணியை அப்போதுதான் பார்த்தார்.

கல்யாணி யார் என்று சொல்ல வேண்டும். எனக்குச் சொந்தமில்லை. இந்தியன் க்ரோசரியில் துவரம்பருப்பு வரிசையில் பழக்கம், அவ்வளவுதான். நவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமை, குழந்தையும் ஒரு டயபர் பையுமாக என் வீட்டு மணியை அடித்தாள். கழுத்தில் விரல் பதிந்த தடம். "ரெண்டு நாள் இருந்துக்கறேன் அக்கா" என்றாள். அவளுக்கு விசா கணவன் வழியாக வந்தது. கார் ஓட்டத் தெரியாது. பாங்க் கணக்கு கிடையாது. கணவன் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "நீ எங்க வேணா போ. புள்ளைய விட்டுட்டுப் போ."

விசாலம் மாமிக்குக் கெட்ட மனசில்லை. விஷயம் தெரிந்த அன்றே கல்யாணியின் கணவனைப் போனில் கூப்பிட்டுப் பேசி, விஜயதசமியன்று வந்து அழைத்துப்போகச் சொல்லியிருந்தார். நல்ல நாள், குழந்தை முகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். நாங்களும் சரி என்றுதான் இருந்தோம். கல்யாணியை யாரும் கேட்கவில்லை.

நான்தான் பேசினேன். "படி ஏறின பொம்மையை விஜயதசமி வரைக்கும் இறக்கக் கூடாது மாமி. உங்களுக்குத் தெரியாததா?"

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாஸ்திரம் சாஸ்திரம்தான். புஷ்பா மட்டும் என் இடது பக்கம் சாய்ந்து, "இவங்க வீட்ல யாரு வேணாலும் வந்து ஏறிக்கலாம் போல" என்றாள். சின்ன வயதில் சீழ் வடிந்ததில் எனக்கு இடது காது மந்தம். அது ஊருக்கே தெரியும் என்பதால், என்னைப் பற்றிய பேச்செல்லாம் அந்தப் பக்கமாகவே நடக்கும். பாதிக்கு மேல் கேட்டுவிடும் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.

அப்போதுதான் கல்யாணி கேட்டாள். "அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு மாமி?"

அக்கா, உங்கள் கதை என் வீட்டில் தொடங்கியது இப்படித்தான். உங்களை இறக்கச் சொன்னவர் வாயாலேயே. மறுநாளிலிருந்து மாமி தினமும் வந்தார். "அரையும் குறையுமா விடக் கூடாது" என்று ஒரு சாக்கு.

நீங்கள் சிறுமியாக இருந்தபோதே அப்பா ஒரு வாள் சண்டையில் போய்விட்டார், அம்மாவும் பின்னாலேயே போனார் என்றார். பதினாறு பதினேழில் கல்யாணம். பெரிய வீட்டுப் பிள்ளை. குடி, சூது, கை நீட்டல். வேறு பேரில் வாடகை அறையில் ஒளிந்து வாழ்ந்தீர்களாம். படுக்கை வரைக்கும் விற்றீர்களாம். பிழைக்க வழி தேடி வெளிதேசத்து அரண்மனைக்குப் போகக் காசில்லாமல், உங்கள் தலைமுடியை விற்க விலை கேட்டீர்களாம். அதற்கு உங்கள் கணவர், "அந்த முடி அவ்வளவு பெறாது" என்றாராமே? 

அதைக் கேட்டு நான் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் திருத்தணிக்கு முடி கொடுப்போம். கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் எல்லோரும் தலையைத் தடவிப் பார்ப்பார்கள். உங்கள் தலையை யார் தடவினார்கள்?

பிறகு அரண்மனை. அங்கே இருந்த இளவரசர் பிறகு இங்கிலாந்துக்கு ராஜாவானார். நீங்கள் ராணிக்குத் தோழி, ராஜாவுக்கு... சரி, எழுதிவிடுகிறேன், ஆசை நாயகி. ராணிக்கும் தெரியுமாம். காலையில் ராணி முகம் கழுவ நீங்கள் மண்டியிட்டுக் கிண்ணம் பிடிக்க வேண்டும். சாயங்காலம் ராஜா கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குறித்த நேரம் வரும்வரை உலாத்திவிட்டு, சரியாக உங்கள் அறைக்கு வருவாராம்.

"அது காதலா மாமி, ஷிஃப்ட் டியூட்டியா?" என்று புஷ்பா கேட்டாள். ஆமாம், புஷ்பாவும் தினமும் வர ஆரம்பித்திருந்தாள்.

உங்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ராஜாவுக்கு மனைவி இருந்தார். தினம் விளக்கேற்றுகிறவள் நான். சரியில்லாததைச் சரி என்று எழுத என் கை வராது. ஆனால் மாமி சொல்லச் சொல்ல, மாமியின் குரல் மாறிக்கொண்டு வந்ததைக் கேட்டேன். 'இவ' என்று ஆரம்பித்தவர், ஆறாம் நாள் 'அவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் அத்தனை பேரைப் பற்றிக் கோள் சொன்ன இடத்தில், உங்கள் வாயிலிருந்து ஒருத்தரைப் பற்றியும் கெட்ட சொல் வரவில்லையாம். உங்களைத் திட்டினவர்கள்கூட நீங்கள் பொய் சொன்னதாகச் சொல்லவில்லையாம். உங்களுக்கும் காது மந்தமாகிக்கொண்டே வந்தது என்று மாமி சொன்னபோது, நான் நிமிர்ந்து மூன்றாம் படியைப் பார்த்தேன். அன்றிலிருந்துதான் நீங்கள் என் அக்கா. உங்கள் காதிலும் பாதிக்கு மேல் விழுந்திருக்கும், இல்லையா?

கல்யாணிக்கு இதிலெல்லாம் மனசு நிற்கவில்லை. தினமும் கதை முடிந்ததும் ஒரே கேள்வி. "அந்தப் புள்ள? அவங்ககிட்ட வந்தானா மாமி?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று மாமி எழுந்துகொள்வார்.

எட்டாம் நாள் கல்யாணி விடவில்லை. கார் சாவியைக் கையில் எடுத்துவிட்ட மாமியின் முன்னால் போய் நின்றாள். மாமி சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரலைடி. அப்பன் விடலை. அந்தக் காலத்துல பிள்ளைன்னா அப்பன் சொத்து. வளர்ந்தப்பறமும் அம்மாகிட்ட வரலை."

கல்யாணி சித்ராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் பின்னால் போனபோது டயபர் பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"விஜயதசமிக்கு அவரு வரும்போது கிளம்பிடறேன் அக்கா. அவ்ளோ பெரிய சீமாட்டி. ராஜாவே பக்கத்துல இருந்தாரு. அவங்களுக்கே புள்ளையைத் திருப்பித் தரல. எனக்கு யாரு வாங்கித் தருவா? கழுத்தை நெரிச்சாலும் பரவால்ல, இவ கூட இருந்துட்டுப் போறேன்."

உங்கள் கதை அவளைத் தைரியப்படுத்தும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவளைத் திருப்பி அனுப்பப் போகிறது. உங்கள் மேலேயே எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மன்னியுங்கள்.

மறுநாள் காலையில் லைப்ரரிக்கு நடந்து போய், உங்கள் வாழ்க்கையைப் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்துவந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அன்று சரஸ்வதி பூஜை. வீட்டிலுள்ள புத்தகமெல்லாம் சாமி முன்னால் அடுக்கியாகிவிட்டது. அன்று எழுத்தைப் படிக்கக் கூடாது. என் வயசுக்கு நான் ஒரு தடவைகூட மீறினதில்லை. இங்கே புத்தகம், அங்கே பூஜை, மறுநாள் அவன் வருகிறான்.

மீனாவுக்கு மட்டும் ஹோம்வொர்க் என்று எப்போதும் விலக்கு உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். "நீ படி. நான் கேக்கறேன். படிக்கத்தான் கூடாது, கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை."

"அம்மா, தட்ஸ் ஸோ சீட்டிங்" என்று சிரித்தாள். ஆனால் என் வலது பக்கமாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியும்.

நான் கேசரி கிளறினேன். கல்யாணி முந்திரி உடைத்தாள். மீனா இங்கிலீஷில் படித்துக்கொண்டே போனாள். பழைய ராஜா தன் மகனோடு சண்டை போட்டு, இளவரசரையும் அவர் மனைவியையும் அரண்மனையை விட்டு வெளியேற்றியது. அவர்களோடு நீங்கள் கிளம்பியது.

"நிறுத்து" என்றேன். "கிளம்பும்போது பையன் எங்க இருந்தான்? பாத்துச் சொல்லு."

மீனா விரலை வைத்துத் தேடினாள். "வித் ஹிஸ் டாட். ஷீ ஹாட் டு லீவ் ஹிம் பிஹைண்ட், அம்மா."

கல்யாணியின் கை நின்றுவிட்டது. "அப்போ கிளம்பறப்பவே புள்ளை அவங்க கையில இல்லையா?"

"இல்லை" என்றேன். "சீமாட்டி கிளம்பும்போது பிள்ளை அப்பன் வீட்டுல. கேட்டு வாங்கப் போக அவருக்கு ஒரு கோர்ட்டும் கிடையாது, உனக்கு உண்டு. உன் பிள்ளை மாடியில தூங்கறா."

அவள் மிச்ச முந்திரியையும் உடைத்துத் தட்டில் வைத்தாள். பிறகு, "மாமிக்குப் போன் போடுங்க அக்கா" என்றாள்.

நான் சொன்னதையெல்லாம் மாமி கேட்டுக்கொண்டார். "இந்த வித்தியாசத்தை நான் சொல்லாம விட்டுட்டேனே" என்றார். அப்புறம், "எங்காத்துக்காரர்கிட்ட வர ஒரு பேஷன்ட், லாயர், பொம்மனாட்டி. ரொம்பக் கெட்டிக்காரி. நாளைக்குக் காலம்பற ரெடியா இருக்கச் சொல்லு. குழந்தையையும் கூட்டிண்டு வரணும், விட்டுட்டு வரப்படாது. இப்ப சொல்லிட்டேன்."

விஜயதசமி எங்களுக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்கும் நாள். ஊரில் குழந்தைகள் அரிசியில் எழுதுவார்கள். கல்யாணி லாயர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டாள். தன் பேரை மட்டும் தனியாக எழுதி ரொம்ப நாளாகிவிட்டது என்று சொன்னாளாம்.

சாயங்காலம் அவன் வந்தான். கோட்டு, கையில் ஸ்வீட் டப்பா, மரியாதையான குரல். "நல்ல நாள். கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வாசலில் நின்றது விசாலம் மாமி. "நல்ல நாள்தான். அதான் காலம்பறயே பேப்பர் போட்டாச்சு."

"என்ன பேப்பர்? மாமி, நீங்கதானே என்னை வரச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். அப்போ எனக்குப் பாதிக் கதைதான் ஞாபகம் இருந்தது."

அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "என் பொண்ணு எங்க?" என்று குரலை உயர்த்தினான். 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், கராஜிலிருந்து வந்து பேசாமல் மாமி பக்கத்தில் நின்றார். ஆனால் பதில் சொன்னது அவரும் இல்லை, மாமியும் இல்லை. கல்யாணி எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உள்ள இருக்கா. ஜட்ஜு எப்போ பாக்கச் சொல்றாரோ, அப்போ வந்து பாருங்க. இப்ப போங்க."

அவன் எங்களைத் தாண்டிக் கொலுவைப் பார்த்தான். "பொம்மை வச்சு விளையாடறீங்களா, எல்லாரும் சேர்ந்து?" என்றான். டப்பாவை ஷூ ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனான். கார் சத்தம் தெருவைத் தாண்டும் வரை கல்யாணி கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

ஆரத்தி முடிந்ததும் ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம். கொலு முடிந்தது என்று அர்த்தம். எதைப் படுக்க வைக்கலாம் என்று சித்ராவைக் கேட்டேன். நேராக மூன்றாம் படிக்குப் போய் உங்களைச் சுட்டிக் காட்டினாள்.

"எடுக்கட்டும், எடுக்கட்டும்" என்றார் மாமி. "அரமனையில ராஜா ராணி முன்னாடி உக்காரவே படாது. வருஷக்கணக்கா நின்னுண்டே இருந்தவர். கொஞ்சம் படுக்கட்டும்."

சித்ரா உங்களைச் சாய்த்துப் படுக்க வைத்து, என் கைக்குட்டையைப் போர்த்தினாள். உங்கள் தலையை இரண்டு தடவை தடவினாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை, அக்கா.

மிச்சக் கதையை நான் அப்புறம் படித்தேன். கணவர் உங்களைத் திரும்பக் கேட்டு மிரட்டியதும், கடைசியில் வருஷத்துக்கு இவ்வளவு பணம் என்று வாங்கிக்கொண்டு உங்களை விட்டதும். கணக்கு எழுதுகிறவள் சொல்கிறேன், அவ்வளவு கொடுத்தும் அது லாபம்தான். அவர் கை படாதபடி உங்கள் பேரில் சொத்து எழுதி வைக்கச் செய்தீர்களே, அந்தப் பக்கத்தை மீனாவை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். ஆற்றங்கரையில் நீங்கள் கட்டின வெள்ளை வீடு, தோட்டம். ராஜாவை விட்டு வந்த பிறகு, நாற்பது வயசு தாண்டி, பிடித்த மனுஷரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது. உடன்பிறந்தவரின் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்த்தது. உங்கள் பிள்ளைக்கு வைத்திருந்த சாப்பாட்டையெல்லாம் அவர்களுக்குப் போட்டீர்களா?

இங்கத்திய செய்தி. கல்யாணி எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். பக்கத்து டேகேரில் உதவிக்குப் போகிறாள், சித்ராவும் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் பார்க்கிங் லாட்டில் மாமி அவளுக்கு டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறார். மாமி போடும் சத்தம் ஃப்ரீவே வரைக்கும் கேட்கும். ஜட்ஜ் இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார். லிவர்மோரில் எழும்பும் நம் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தேன். அவளுடைய பேரையும் குழந்தை பேரையும் மாற்றி எழுதிக்கொள்ள அவளே சம்மதித்ததால், இந்தக் கடிதத்தை நம் தமிழ் மன்றத்து மலருக்கும் தருகிறேன். இனி நாலு பேச்சு வேண்டாம்.

ஒரு வாக்கு தருகிறேன் அக்கா. ஜட்ஜ் என்ன சொன்னாலும், கல்யாணி தானாகப் போகிறேன் என்று சொல்லும் நாள்வரை, என் வீட்டுப் படியிலிருந்து அவளை நான் இறக்க மாட்டேன். யார் வந்து கேட்டாலும்.

உங்கள் விஷயத்தில்தான் எனக்கு முடிவு தெரியவில்லை. அடுத்த கொலுவுக்கு உங்களை எங்கே வைப்பது? நீங்கள் மகான் இல்லை. அப்படி நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். மனிதர்கள் படிக்கு இறக்கலாம் என்று புஷ்பா சொல்கிறாள், சிரிக்காமல்தான் சொல்கிறாள். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று மாமி சொல்கிறார், கொஞ்சம் கோபமாக. உங்களுக்கு எது சௌகரியம்? புரட்டாசி வந்தால் படி கட்ட வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
இடது காது மந்தமான உங்கள் தங்கை,
சான்டா கிளாராவிலிருந்து